உட்சரிவு

மழை வானத்திலிருந்து பெய்கிறது என்றொரு கருத்து மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவருகிறது. பள்ளிக்கூடப் புத்தகங்களில் மேகம், அம்புக்குறி எல்லாம் போட்டுப் படமே வரைந்திருக்கிறார்கள். இது தவறு, பிள்ளைகளின் எதிர்காலம் கருதியாவது உடனே திருத்தப்பட வேண்டிய தவறு. மழை கிழக்கிலிருந்து பெய்கிறது. தரைக்கு ஒன்றரை அடி உயரத்தில், படுத்த வாக்கில், கொஞ்சம் மணலையும் சேர்த்துக்கொண்டு, கதவுக்கு நேராக வருகிறது. கடலூர்த் துறைமுக அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் புயல் கூண்டு ஏற்றி இறக்கி ஓய்வு பெற்ற பூவராகனுக்கு இதில் ஐயமே கிடையாது. ஐயம் உள்ளவர்கள் ஐப்பசியில் ஏதாவது ஒரு மத்தியானம் வந்து, அவர் இப்போது உட்கார்ந்திருப்பது போலவே வாசற்கதவுக்கு உள்பக்கம் குந்தி, கையில் துணியும் பக்கத்தில் வாளியுமாகப் பத்து நிமிஷம் இருந்து பார்க்கலாம். சவுக்குத் தோப்பை வெட்டி விற்ற பிறகு, தெருவின் கடைசி வீடான அவர் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மறைப்பு என்று சொல்ல ஓர் அடிபம்பும் கவிழ்த்துப் போட்ட ஒரு படகும்தான் மிச்சம். காற்று அங்கே கிளம்பினால் இங்கே வந்துதான் நிற்கும். கதவின் முகத்தில் மோதிய தண்ணீர் வழிந்து நிலையின் கீழ்க்கட்டையில் இறங்கும். அங்கே ஒரு நொடி, எந்தப் பக்கம் போகலாம் என்று யோசிப்பதுபோல நிற்கும். பிறகு வீட்டுக்குள் வரும். வீடு கட்டிய பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அது வெளியே போக முடிவெடுத்ததில்லை.

மணி இரண்டு நாற்பது. நாலு மணிக்குக் கலியபெருமாள் வருகிறார். மனைவி அஞ்சலாட்சியின் அண்ணன்; விருத்தாசலத்தில் உரக்கடை வைத்திருப்பவர்; வாடகைக் காரோடு வருகிறார், தங்கையைத் தை பிறக்கிறவரை தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள. போன கார்த்திகையில் இந்தக் கூடத்து ஈரத்தில் வழுக்கித்தான் அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். நாலு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எட்டையும் தரையிடம் அனுமதி கேட்டு வைப்பவளாக நடக்கிறாள். இன்று காலை இட்லி சாப்பிடும்போது சொல்லிவிட்டாள்: அண்ணன் வரும்போது கூடம் காய்ந்திருந்தால் இருக்கிறேன், ஈரமாக இருந்தால் போகிறேன், இதில் பேச என்ன இருக்கிறது. சொல்லிவிட்டு இன்னொரு இட்லி கேட்டாள். நியாயமான பேச்சுதான், அதுதான் பயமாக இருந்தது. முப்பத்துநாலு வருஷத்தில் நாலு நாளைக்கு மேல் அவள் இல்லாமல் அவர் இருந்ததில்லை. ஆஸ்பத்திரியில்கூட அவள் கட்டிலுக்கடியில் பாயைப் போட்டுப் படுத்திருந்தார், நர்ஸ் தினமும் திட்டத் திட்ட. தை பிறக்க இன்னும் எழுபத்தெட்டு நாள்.

ஆகவே துடைத்தார். ஒத்தியெடுத்து, முறுக்கி, பிழிந்து, மறுபடி ஒத்தினார். துணிகள் எல்லாம் அஞ்சலாட்சியின் பழைய புடவைகள். கத்தரிப்பூ நிறத்தது ஒன்று, அது பையன் சிங்கப்பூருக்குப் போன வருஷம் எடுத்தது, தண்ணீரை நன்றாகக் குடிக்கும்; மாம்பழ நிறத்தது பாலியெஸ்டர், குடிப்பதுபோல நடித்துவிட்டு எல்லாவற்றையும் பக்கத்தில் தள்ளிவிடும், அது கலியபெருமாள் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது, வேறு எப்படி இருக்கும். முட்டி வலித்தது. வலது முட்டியா இடதா என்று ஆராய்ந்ததில் இரண்டும்தான் என்று தெரிந்தது. இந்தக் கதவுக்கு அவர் செய்யாத வைத்தியமில்லை. ரப்பர் பட்டை அடித்தார், எலி தின்றது. வெள்ளைப் பசை வாங்கி இடுக்கில் பிதுக்கினார். கதவு ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் பின்வாசல் வழியாக நடமாட வேண்டியிருந்தது. வெளியே தகரச் சாய்ப்பு இறக்கினார். அது ஒரு புயலில் பறந்துபோய் மூன்றாவது தெருவில் யார் வீட்டு மாட்டுக்கோ கூரையாகி, திருப்பிக் கேட்கப் போனபோது மாடு அதன் கீழே படுத்திருந்த நிம்மதியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டார். இவ்வளவும் செய்தாரே தவிர, செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யவில்லை. செய்ய வேண்டியது என்னவென்று அவருக்குத் தெரியும். அது கலியபெருமாளிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியமாக அவரிடம் இருந்தது: மச்சான், இந்த நிலையை நீங்க உள்பக்கம் வெளிப்பக்கம் மாத்தி வச்சிட்டீங்க. அவ்வளவுதான். கீழ்க்கட்டையில் இரண்டு விரல் சரிவு இருக்கிறது. தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்பதற்காக இழைத்த சரிவு. நிலையைத் திருப்பி நட்டதால் அது வீட்டைப் பார்த்துச் சாய்கிறது. மழைக்குக் கம்பளம் விரித்த மாதிரி. இந்த வாக்கியத்தை அவர் நார்த்தங்காய் ஊறுகாயைப்போல மூடி வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு தரம் திறந்து மோந்து பார்ப்பார், மூடிவிடுவார். நாள்பட நாள்படத்தான் ருசி ஏறியது. இன்றைக்கு எடுத்துப் பரிமாறலாம். கலியபெருமாள் வருவார், ஈரத்தைப் பார்த்து உச்சுக்கொட்டுவார், கிரகம் சரியில்லை என்பார், அப்போது எழுந்து நின்று, இல்லை, எழுந்திருக்கக்கூட வேண்டாம், இப்படியே குந்திய நிலையில், துணியைப் பிழிந்துகொண்டே, குரலை உயர்த்தாமல், மச்சான், இந்த நிலையை. அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அந்த மீசை என்ன ஆகும். அப்புறம் அவர் கேட்பார். என்ன கேட்பார்? யாரும் கேட்பதைத்தான் கேட்பார். உங்களுக்கு இது எப்பத் தெரியும் மாப்ள?

துணி கையில் நின்றது. வாளியில் சொட்டுகிற சத்தம் கேட்டது. இடது மூலையில் தண்ணீர் புதிதாக ஒரு விரலை நீட்டியிருந்தது, அதை ஒத்தினார். எப்பத் தெரியும் என்பதெல்லாம் ஒரு கேள்வியா. தெரிந்தது தெரிந்ததுதானே. திசையில்தான் ஆரம்பித்தது எல்லாம். வீடு கட்டலாம் என்று பேச்செடுத்த அன்றைக்கே அவர் சொன்னார், வாசல் மேற்கே இருக்கட்டும், அலுவலகத்தில் முப்பது வருஷத்துக் காற்றுக் கணக்கு இருக்கிறது, ஐப்பசி கார்த்திகையில் நூற்றுக்கு எண்பது நாள் வடகிழக்குத்தான் என்று. கடல் ஏறி இறங்கும் நேரம் போட்ட ஓத அட்டவணையின் பின்பக்கம் படம்கூடப் போட்டுக் காட்டினார். கலியபெருமாள் அந்தப் படத்தைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, தங்கச்சி ராசிக்குக் கிழக்குத்தான் மாப்ள, என்றார். என்றுவிட்டு அந்தக் காகிதத்தில் போண்டா எண்ணெயைத் துடைத்தார். வேண்டுமென்று துடைக்கவில்லை. அதுதான் தாங்க முடியாதது. அவருக்கு அது துடைக்கிற காகிதமாகவே தெரிந்தது. வீட்டில் இருந்த பெண்கள், கொத்தனார், மனை விற்ற தரகர், எல்லாரும் ராசிப் பக்கம் போய்விட்டார்கள். காற்றுப் பக்கம் பூவராகன் ஒருவர்தான். சரி, கிழக்கே வையுங்கள், ஆனால் கீழ்க்கட்டையில் வெளியே பார்த்துச் சரிவு கொடுங்கள் என்று பொன்னுரங்க ஆசாரியிடம் தனியாகப் போய்ச் சொன்னார். ஆசாரி நல்ல மனுஷன், விஷயம் புரிந்தவர், வேங்கையில் இழைத்துக் கொடுத்தார். உள்ளே மரக்கதவு, வெளியே வலைக்கதவு என்று இரண்டு பக்கமும் கதவு மாட்டுகிற நிலை. பூவேலை எதற்கு, தூசிதான் அடையும் என்று செதுக்கலை வேண்டாமென்று சொன்னதும் பூவராகன்தான். ஒரு தாமரை, ஒரு கிளி செதுக்கியிருந்தால் எது முகம் எது முதுகு என்று குழந்தைக்கும் தெரிந்திருக்கும். சரிவு மட்டும்தான் அடையாளம். அந்தச் சரிவும் இருந்தது யாருக்குத் தெரியும்? ஆசாரிக்குத் தெரியும். இன்னொருவருக்கும். தெரிந்து. சரி, அதை விடுவோம்.

உள்ளே கட்டில் முனகியது. அஞ்சலாட்சி திரும்பிப் படுக்கிறாள். தூங்கவில்லை, தூங்கினால் மூச்சில் ஒரு சின்ன விசில் இருக்கும். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், இவர் துணி பிழிவதை, ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டும் இருக்கலாம். போன கார்த்திகையில் எழுந்து வந்தாள். அவள் எழுந்து வந்தபோது இவர் எங்கே இருந்தார்? ஜன்னலோரம், தொலைபேசியில். மழை தொடங்கி முதல் தண்ணீர் உள்ளே வந்த அன்று விருத்தாசலத்துக்குப் போன் போடுவது அவருக்கு வருஷாந்திர வழக்கம். நலம் விசாரிப்பார், மார்க்கெட்டில் யூரியா எப்படி என்பார், கடைசியில், போகிற போக்கில் ஞாபகம் வந்தாற்போல, உங்க வாசல்ல தண்ணி வந்திடுச்சு மச்சான், என்பார். உங்க வாசல். அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் மற்ற எல்லாம். அந்தப் பக்கம் கலியபெருமாள் ஒவ்வொரு வருஷமும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தின் நீளம் எவ்வளவு என்று பூவராகன் மனசுக்குள் கணக்கு வைத்திருந்தார், போன வருஷம் அதுதான் மிக நீளமானது என்று சந்தோஷப்படத் தொடங்கியபோது பின்னால் சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. அரிசி மூட்டையை இறக்கி வைத்தாற்போல ஒரு சத்தம். அவள் கத்தவில்லை. விருத்தாசலத்திலிருந்து கலியபெருமாள்தான் கத்தினார், மாப்ள அது என்னா சத்தம், மாப்ள, பாப்பாவா என்று; தங்கை அவருக்கு இன்றும் பாப்பாதான். துடைத்துவிட்டுப் போன் போட்டிருக்கலாம். போன் போட்டுவிட்டுத் துடைக்கலாம் என்று நினைத்தார், ஈரம் கண்ணுக்கு முன்னால் இருந்தால்தான் பேச்சில் உண்மை இருக்கும். அவருக்கு எல்லாவற்றிலும் உண்மை வேண்டும். இதற்கு யார் காரணம்? நிலையை மாற்றி வைத்தவர்தானே காரணம். அவர் அன்று ஒழுங்காக வைத்திருந்தால் தண்ணீர் இல்லை, போன் இல்லை, அரிசி மூட்டை இல்லை. வாக்கியத்தை இப்படி நீட்டலாம்: மச்சான், நீங்க நிலையை மாத்தி வச்சதாலதான் உங்க தங்கச்சி இன்னைக்கு நாலு காலோட நடக்கறா. இது இன்னும் பலம். ஆனால் அவர் கேட்பார். அவர் கேட்டால் போன மாசம்தான் மச்சான் கவனிச்சேன் என்று சொல்லலாம். போன மாசம் எப்படி? குனிந்து துடைக்கும்போது. பதினோரு வருஷமாகக் குனிந்து துடைக்கிறீர்களே மாப்ள. சரி, கண்ணாடி மாற்றினேன், புதுக் கண்ணாடியில் தெரிந்தது. இது நன்றாக இருந்தது. இதை வைத்துக்கொள்ளலாம். போன மாசம், புதுக் கண்ணாடி. ஆசாரி ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்து கட்டிலருகே அரைமணி உட்கார்ந்திருந்தாரே, அப்போது இவர் மருந்து வாங்கப் போயிருந்தார், ஆசாரி ஏதாவது சொல்லியிருப்பாரா. சொல்லியிருக்க மாட்டார். ஆசாரி சொல்கிற ஆளாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். நிலை வைக்கும் நாளில் ஆசாரிக்குப் புது வேட்டி துண்டு கொடுத்து, அவர் அதைக் கட்டிக்கொண்டு வந்து கை வைத்த பிறகுதான் நிலையைத் தூக்க வேண்டும் என்பது முறை. பொன்னுரங்க ஆசாரி பின்பக்கம் போய் நிதானமாகக் கட்டிக்கொண்டிருந்தார். மணி பத்து இருபது. கலியபெருமாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், ஆசாரி வேட்டி கட்டி முடிக்கறதுக்குள்ள ராகு வந்து குந்திக்குவான் போல, தூக்குங்கப்பா என்றார். நாலு பேர் தூக்கினார்கள். நிலை முழுக்க மஞ்சள், குங்குமம், மாவிலை, கதம்பம். பூவராகன் குழிக்குப் பக்கத்தில் நவதானியத் தட்டோடு நின்றிருந்தார். நிலை அவர் கண்ணுக்கு நேரே, ஓர் அடி தூரத்தில் வந்து இறங்கியது. மஞ்சளுக்கு அடியில் சரிவு எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. இழைக்கச் சொன்னவனுக்குத் தெரியும். தெரிந்தது. வாயைத் திறந்தார். திறந்த வாயில் ஒரு சொல்கூட இருந்தது, மச்சான் என்று. அப்போதுதான் அந்த இனிப்பு வந்தது. அடிவயிற்றிலிருந்து, வெல்லம் கரைவதுபோல. எண்ணெய் துடைத்த காகிதம். ராசி. எல்லார் முன்னாலும் ஜெயித்த மீசை. முதல் மழைக்குத் தெரியப்போகிறது பார். வாயை மூடிக்கொண்டு நவதானியத்தைக் குழியில் போட்டார். கலவையைக் கொட்டினார்கள். புது வேட்டியோடு ஓடிவந்த ஆசாரி நிலையைப் பார்த்தார். பிறகு பூவராகனைப் பார்த்தார். கலவை இன்னும் இறுகவில்லை. ஐந்து நிமிஷ வேலை. பூவராகன் கடல் பக்கம் திரும்பி, மேகம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. வைத்த நிலையைப் பெயர்த்தால் வீட்டுப் பெண்ணுக்கு ஆகாது என்று பிறகு ஒரு நாள் கலியபெருமாள் எதற்கோ சொன்னபோது, இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் வாழ்க்கையில் மதித்திராத பூவராகன் அதை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். அது உபயோகப்பட்டது. பெயர்க்கலாமா என்று ஒவ்வொரு ஐப்பசியும் தோன்றும்போது, அஞ்சலாட்சிக்கு ஆகாதாமே என்று ஒரு சமாதானம் கையிலிருந்தது. தண்ணீர் வந்தது. அவர் துடைத்தார். மூன்று இருபது ஆகியிருந்தது. காற்று ஒரு மூச்சு விட்டுக் கொஞ்சம் தணிந்தாற்போலிருந்தது. கத்தரிப்பூப் புடவையால் கடைசி ஈரத்தையும் எடுத்து, மேலே காய்ந்த துண்டால் ஒரு தடவை தேய்த்து, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபோது, தரை காய்ந்திருந்தது. வாசலிலிருந்து அறைவரை, ஒரு பொட்டு இல்லாமல்.

கார் அரைமணி முன்னதாகவே வந்தது. மாப்ள, என்று வெளியே குரல். கதவு மழையில் ஊதி இறுகியிருந்தது. அவர் இழுக்க, கலியபெருமாள் வெளியிலிருந்து தோளால் முட்ட, திறந்தபோது காற்றோடு ஒரு கரண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. மைத்துனர் கால் வைப்பதற்கு முன்னால் பூவராகன் அதைத் துடைத்துவிட்டார். கலியபெருமாள் மெலிந்திருந்தார். மீசையில் பாதி நரைத்துவிட்டது. சாக்கில் காலை நாலு தடவை தேய்த்துவிட்டு, வேட்டி விளிம்பைப் பிழிந்து வெளியே உதறிவிட்டு, திருடன் நடப்பதுபோல உள்ளே வந்தார். அறையிலிருந்து வாக்கர் சத்தம் வந்தது. அஞ்சலாட்சி அறை வாசலில் நின்று கூடத்தைப் பார்த்தாள். கலியபெருமாள் குனிந்து உள்ளங்கையால் தரையைத் தடவி, கையைத் தங்கையிடம் காட்டினார். காய்ந்துதான் இருக்கிறது, மாப்ள முட்டி தேயத் துடைத்திருக்கிறார், இனிமேல் அவருக்கும் ஒரு வாக்கர் வாங்க வேண்டியதுதான் என்றார். அஞ்சலாட்சி கொஞ்சம் சிரித்தாள். அப்படியென்றால் கட்டி வைத்த பையைப் பிரித்துவிடுகிறேன், டீ குடித்துவிட்டுப் போ அண்ணே என்றாள். எழுபத்தெட்டு நாளும் பூவராகனுக்குத் திரும்பக் கிடைத்தது. டீக்குத் தண்ணீர் வைக்க எழுந்தார், எழுந்தே விட்டார். அப்போதுதான் கலியபெருமாள் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, துண்டுக்குள்ளிருந்தே பேசினார்.

"நான்தான் தப்பு பண்ணிட்டேன் மாப்ள. கிழக்கு வாசல்னு நின்னிருக்கக் கூடாது. உங்க பேச்சக் கேட்டிருக்கணும். ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்."

பூவராகன் அடுப்படி வாசலில் நின்றார். இதைக் கேட்கத்தானே பதினோரு வருஷம். ஆனால் இது அதுவல்ல. கிழக்கு வாசலில் தப்பில்லை. சரிவு சரியாக இருந்தால் கிழக்கு வாசலிலும் ஒரு சொட்டு வராது. இந்த மனிதர் தான் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, செய்த தப்பை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போகப் பார்க்கிறார். விட்டுவிடலாம். டீ போடலாம். இஞ்சி இருக்கிறது. விட்டுவிடலாம்தான்.

"திசையில தப்பில்ல மச்சான். நிலையை நீங்க உள்பக்கம் வெளிப்பக்கம் மாத்தி வச்சிட்டீங்க."

கலியபெருமாள் துண்டை எடுத்தார். எழுந்துபோய்க் கதவருகே மண்டியிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கீழ்க்கட்டையில் விரலை வைத்து வெளியிலிருந்து உள்ளே இழுத்தார். விரல் தானாகவே இறங்கி வந்தது. இன்னொரு தடவை இழுத்தார். ஆமாம் மாப்ள, உள்ளதான் சாயுது, என்றார். அதற்குமேல் எழுந்திருக்காமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மீசை நடுங்கியது. நினைத்ததைவிட நன்றாகவே நடுங்கியது. அப்படியென்றால் பாப்பா விழுந்தது, என்று ஆரம்பித்து அவர் நிறுத்திக்கொண்டார். பூவராகன் நாக்கில் அந்த இனிப்பு மறுபடி வந்தது. இனி அவர் கேட்பார். கேட்கட்டும்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

கேட்டவர் கலியபெருமாள் இல்லை. வாக்கரின் இரண்டு கைப்பிடியையும் பிடித்தபடி அஞ்சலாட்சி கேட்டாள். போன மாசம், புதுக் கண்ணாடி. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆனால் போன மாசம் என்றால் என்ன பொருள்? முப்பத்தொரு வருஷம் காற்றையும் தண்ணீரையும் படித்த ஆள், தன் வீட்டு வாசலில் இரண்டு விரல் சரிவைக் கண்டுபிடிக்கப் பதினோரு வருஷம் எடுத்துக்கொண்டான் என்று பொருள். அதுவும் இவர் முன்னால். இந்த உரக்கடைக்காரர் முன்னால். அவர் ஊருக்குப் போய்ச் சொல்வார், மாப்ளைக்கும் இப்பதான் தெரிஞ்சுதாம் என்று.

"அன்னைக்கே," என்றார் பூவராகன். "கலவை போடறதுக்கு முன்னாடியே."

மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அஞ்சலாட்சி தரையைப் பார்த்தாள்; காய்ந்துதான் இருந்தது. கலியபெருமாள் தரையிலிருந்து நிமிர்ந்து பூவராகனைப் பார்த்தார்; அந்தப் பார்வையில் கோபத்தைத் தேடிய பூவராகனுக்கு அது அகப்படவில்லை.

"காரு நிக்குதில்ல அண்ணே?"

"நிக்குது பாப்பா."

அவள் வாக்கரைத் திருப்பினாள். நாலு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து, பை இருந்த பக்கம் போனாள். காரைப் பின்பக்கம் கொண்டுவரச் சொல்லி, பின்வாசல் வழியாக, அண்ணன் குடை பிடிக்க ஏறினாள். பையைக் கலியபெருமாள் எடுத்துக்கொண்டார். வாக்கரை மடக்கத் தெரியாமல் டிரைவர் திணறியபோது பூவராகன்தான் போய் மடக்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை பால் பூத்தில் அவர் ஒரு பாக்கெட் மட்டும் வாங்கினார்.